பியாஸ் குண்டு ஏரிக்கு சென்னையிலிருந்து வாடகை மூட்டை: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

டென்ட்டை உறையிலிருந்து உருவியதும் உள்பக்கத்திலிருந்து வெள்ளைச் செதில் உதிர்ந்து கையில் ஒட்டுகிறதா? மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். அப்படியே சுருட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள். அது அழுக்கு இல்லை. மழை உள்ளே இறங்காமல் இருக்கத் துணியில் பூசியிருந்த பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். வெப்பம் கூடக்கூட வேகமும் கூடும். ஈரமும் வெப்பமும் வருடம் முழுக்கச் சேர்ந்தே இருக்கும் ஊர் சென்னை. அதனால் இங்கே மலைச் சாமான் மலையில் அடிபட்டுக் கெடுவதைவிடப் பரணில் கிடந்து கெடுவதுதான் அதிகம். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், கிழிசலோ கறையோ இருக்காது. முதல் மழையில்தான் தெரியும்.

இங்கே பார்க்கும் வாடகை செட் இருவருக்கானது: 60 லிட்டர் ரக்சாக் இரண்டு, இருவர் படுக்கும் டென்ட் ஒன்று, மைனஸ் 5 என்று சீட்டு தைத்த ஸ்லீப்பிங் பேக் இரண்டு, மேட் இரண்டு, ஊன்றுகோல் இரண்டு ஜோடி, கேஸ் அடுப்பு ஒன்று, ஹெட்லாம்ப் இரண்டு. கேட்டால் ஷூவும் தருகிறார்கள். கடை தென்சென்னையில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே சொல்லும் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல. சாமானை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தக் கடையிலும் இவை இருக்கும்.

செட்டை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. இந்த மதிப்பீடு பியாஸ் குண்டு ஏரியை வைத்து. மணாலிக்கு மேலே, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பியாஸ் நதி பிறக்கும் சிறிய பனி ஏரி அது. சோலாங்கிலிருந்து தூந்தி, அங்கிருந்து பகர்தாச் புல்வெளி, அதற்கு மேல் கற்குவியல்களைத் தாண்டி ஏரி. தூந்தி வரை வண்டி போகும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்தின் தெற்கு வாயில் அந்தப் பக்கம்தான். இமயமலையில் முதல்முறை மூட்டை சுமக்கும் சென்னைக்காரருக்கு இது சரியான அளவு. ஏறும் தூரம் குறைவு, தண்ணீர் வழியெங்கும் உண்டு, உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அரை நாளில் சாலைக்கு இறங்கிவிடலாம்.

ஜூன் முதல் மூன்று வாரம்தான் நம் கணக்குக்கு நல்ல காலம். மே மாதப் பள்ளி விடுமுறையில் போனால் மேல்பகுதியில் பனி கிடக்கும், ஏரியின் ஒரு பகுதி உறைந்தே இருக்கலாம், ஷூவில் மாட்டும் இரும்புப் பற்கள் தேவைப்படும். ஜூன் கடைசியில் பருவமழை அங்கே எட்டிப்பார்க்கும். காஷ்மீரின் ஏழு ஏரிப் பாதையைக் கோடை விடுமுறைக்கு என்று திட்டமிட்டு வருகிறவர்கள் நிறைய. அந்தக் கணவாய்களில் பனி விலகவே ஜூலை ஆகும்.

நம் ஊரிலேயே ஏரி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதியோடு பகலில் போய் வரலாம், சொந்த டென்ட் போட்டுத் தங்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் கோடையில் காட்டுக்குள் இரவு தங்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது; காய்ந்த புல் காலம் அது. உத்தராகண்டிலும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தடை போட்டது. சொந்த டென்ட்டோடு போக நினைப்பவர்கள் இமாசலத்தைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாடகை நாள் கணக்கு

சென்னையில் எடுக்கும் வாடகையின் பெரிய பலவீனம் சாமானில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் இரவு 10 மணியளவில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புதுதில்லி. அன்று மாலை காஷ்மீரி கேட்டில் பஸ் பிடித்தால் நான்காம் நாள் காலை மணாலி. அன்று ஓய்வு, 2,000 மீட்டருக்குப் பழக உடம்புக்கு ஒரு நாளாவது வேண்டும். ஐந்தாம் இரவு தூந்தி, ஆறாம் இரவு பகர்தாச், ஏழாம் நாள் ஏரிக்குப் போய்த் திரும்பி மறுபடி பகர்தாச், எட்டாம் நாள் இறக்கமும் மாலை பஸ்ஸும். ஒன்பதாம் நாள் இரவு தில்லியில் ரயில், பதினோராம் நாள் காலை சென்ட்ரல். முந்தின நாளே சாமானை வாங்கிவிடுவதால் கடைக்குப் பன்னிரண்டு நாள் வாடகை. டென்ட்டில் படுப்பது மூன்றே இரவு.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: பயண நாளுக்கும் முழு வாடகையா? இந்தக் கடை ஏழு நாளுக்கு மேல் போனால் குறைக்கிறது, ஆனால் கேட்டால்தான். வாங்கும் நாளையும் திருப்பும் நாளையும் ஒரே நாளாகக் கணக்கிடும்படி பேசிப் பாருங்கள்; மாலையில் வாங்கிக் காலையில் திருப்புகிறவருக்கு அது நியாயமான கோரிக்கை. பேசி முடித்த வாடகை, அதே பொருளின் புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாங்கிவிடுவதே நல்லது என்பது எங்கள் அளவுகோல். ஹெட்லாம்ப், மேட், ஊன்றுகோல் எல்லாம் பன்னிரண்டு நாள் வாடகையில் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் தாண்டுவதில்லை. அவற்றை மணாலியிலேயே நாலு நாளுக்கு வாடகைக்கு எடுக்கவும் முடியும். தரம் கடைக்குக் கடை மாறும், சோதிக்கும் முறை ஒன்றுதான்.

டென்ட்

செட்டில் இதுதான் தேறியது. உறை, கம்பு, முளை எல்லாம் சேர்த்து 2.8 கிலோ. இருவர் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு 1.4 கிலோ, பரவாயில்லை. ஒருவர் உள்கூடும் கம்பும், மற்றவர் வெளித்துணியும் முளையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளித்துணி ஈரமாக இருக்கும் காலையில் அது மற்றதை நனைக்காது.

கடையில் விரித்துக் காட்ட இடமில்லை என்பார்கள். மொட்டை மாடி இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஒருமுறை முழுதாக நிறுத்திப் பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். கம்புத் துண்டுகளைக் கோர்க்கும் எலாஸ்டிக் கயிறு தொளதொளவென்று தொங்கினால் இரவில் குளிரில் விறைத்த விரலால் கோர்க்க முடியாது. கண்ணாடி இழைக் கம்பு என்றால் ஒவ்வொரு மூட்டிலும் நெடுக்காக விரிசல் இருக்கிறதா என்று துணியால் பிடித்துத் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் சிராய் ஏறும். இந்தச் செட்டில் ஒரு மூட்டு விரிந்திருந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். கம்பைவிடச் சற்று அகலமான 10 செ.மீ. அலுமினியக் குழாய் ஒன்றும் அகல டேப்பும் கையில் இருக்கட்டும். வழியில் கம்பு முறிந்தால் குழாயை முறிவின் மேல் ஏற்றி இரு முனையிலும் டேப் சுற்றினால் மிச்ச இரவுகளை ஓட்டிவிடலாம்.

அடுத்தது தையல். வெளித்துணியின் உள்பக்கம் ஒவ்வொரு தையல் மேலும் ஒளிபுகும் நாடா ஒட்டியிருக்கும். பூச்சு உதிர்வதற்கு முன்னாலேயே இந்த நாடா எழும்பும். நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். எழும்பி வந்தால் மழை வரும் வழி அதுதான். நிறுத்திய டென்ட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீரைத் தையல் நெடுக ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து உள்ளே கை வைத்துப் பார்ப்பது இன்னும் நிச்சயமான வழி. கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். இந்தக் கடையில் மறுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

துணியின் நீர்த்தடுப்பு எண், அதாவது எவ்வளவு உயர நீரின் அழுத்தம் வரை கசியாமல் தாங்கும் என்பது, 2,000 மில்லிமீட்டர் என்று சீட்டில் இருந்தது. புதிதாக இருக்கும்போது அளந்த எண் அது. அடித்துணிக்கு 3,000 இருந்தால் நல்லது, ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் மழையைவிட அதிகம். டென்ட் அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு விரிப்பவர்கள், அதை டென்ட்டின் விளிம்பைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும்.

காலையில் உட்பக்கம் ஈரமாக இருந்தால் ஒழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். இருவர் மூச்சும் குளிர்ந்த துணியில் பட்டு நீராகும். மேல் காற்றுத் துளையையும் கதவின் மேல் ஓரத்தையும் நாலு விரல் திறந்து வையுங்கள். குளிருமே என்று எல்லாவற்றையும் மூடினால் நனைந்த ஸ்லீப்பிங் பேக்கில் இன்னும் அதிகம் குளிரும். முளைகளை எண்ணி வாங்குங்கள். பத்து இருக்க வேண்டிய உறையில் ஏழு இருந்தது. பகர்தாச் தரையில் புல்லுக்கு அடியில் கல், முளை பாதியில் நின்றுவிடும். பிற்பகல் காற்று பள்ளத்தாக்கில் வேகமாக ஏறி வரும் இடம் அது. கயிற்றை முளையில் கட்டி, முளையைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் தலை அளவு கல்லை ஏற்றுவதுதான் அங்கே நிற்கும்.

ஸ்லீப்பிங் பேக்

செட்டின் மிக மோசமான பகுதி. இதை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

சீட்டில் மைனஸ் 5 என்று ஒரே ஒரு எண். முறையாகச் சோதித்த பேக்கில் மூன்று எண் இருக்கும்: இதமாகத் தூங்கும் வெப்பநிலை, தாங்கும் எல்லை, உயிரைக் காக்கும் கடைசி எல்லை. 2002இல் வந்த ஐரோப்பிய தரநிலை ஈஎன் 13537 இந்த முறையைக் கொண்டுவந்தது. இப்போது ஐஎஸ்ஓ 23537 அதன் இடத்தில் இருக்கிறது. ஒரே எண் போட்டிருந்தால் அது எந்த எண் என்று யாருக்கும் தெரியாது, கடைசி எல்லையாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் மைனஸ் 5 பேக்கில் இதமாகத் தூங்க வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்க வேண்டும். பகர்தாச்சில் ஜூன் இரவில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். 24 டிகிரியில் ஏசி வைத்தாலே போர்வையை இழுத்து மூடும் சென்னை உடம்புக்கு, இதமான எண் 0 என்று இருக்கும் பேக்தான் வேண்டும்.

எண்ணைவிட முக்கியம் உப்பல். குளிரைத் தடுப்பது பஞ்சு இல்லை, பஞ்சு பிடித்துவைத்திருக்கும் காற்று. பேக்கைத் தரையில் விரித்து, நன்றாக உதறி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தரையிலிருந்து மேல்துணி வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 0 டிகிரிக்கான செயற்கைப் பஞ்சு பேக் 10 செ.மீ. உயரமாவது எழும்ப வேண்டும். இந்த இரண்டும் 5 செ.மீ. தாண்டவில்லை. காரணம் கடையின் பின்னறையிலேயே தெரிந்தது. எல்லா ஸ்லீப்பிங் பேக்கும் சுருக்குப் பையில் இறுக்கிப் பரணில் அடுக்கியிருந்தார்கள். மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் செயற்கை இழை மடிந்த இடத்தில் மடிந்தே போகும், எத்தனை முறை உதறினாலும் திரும்ப எழாது. நல்ல கடை என்றால் பேக்கை ஹேங்கரில் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது தலையணை உறை போன்ற பெரிய தளர்ந்த பையில் வைத்திருப்பார்கள். வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டுக் கடையை முடிவு செய்யலாம்.

முகர்ந்தும் பாருங்கள். பூசணை வாசம் வந்தால் துவைத்துச் சரியாகக் காயாமல் மடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துவைத்தது எப்போது என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. உள்ளே போட ஒரு பருத்தி உறை நீங்களே தைத்துக்கொள்ளலாம்: எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்தால் ஆள் நீளம் வரும், இரண்டு பக்கமும் தைத்துத் தலைப்பக்கம் திறந்து விட்டால் போதும். சுத்தத்துக்குச் சுத்தம், கொஞ்சம் கதகதப்பும் கூடும். நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். படுக்கும் முன் கொதிநீரை இறுக்கமான மூடி உள்ள உலோக பாட்டிலில் ஊற்றி, சாக்ஸில் போட்டுக் காலடியில் வைத்தால் பாதி இரவு தாங்கும்.

மேட் விஷயத்தில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள், மெத்தென்று இருக்கவேண்டும் என்று. அதன் வேலை தரைக் குளிரைத் தடுப்பது. உடம்புக்குக் கீழே அழுந்திப்போன ஸ்லீப்பிங் பேக் பஞ்சில் காற்று இருக்காது, அங்கே மேட் மட்டும்தான் காப்பு. ஊதும் மேட் தந்தார்கள். வேண்டாம் என்று ஃபோம் மேட் கேட்டு வாங்குங்கள். பலர் வாயால் ஊதிய ஈரம் உள்ளேயே தங்கி, சென்னை வெப்பத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். நுண்ணிய ஓட்டை இருந்தால் அதிகாலை மூன்று மணிக்குத்தான் தெரியவரும். 10 மில்லிமீட்டர் ஃபோம் மேட் ஒன்று இந்த உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் குளிர்த்தடுப்பு எண்ணும் கூடிக்கொள்ளும், கணக்கு அவ்வளவு எளிது. எடை ஒன்றுக்கு 300 கிராம் சுமார். ரக்சாக்கின் வெளியே கட்டிக்கொள்ளலாம்.

ரக்சாக்

இரண்டில் ஒன்று நல்லது, ஒன்று தேறாது. தேறாததைத் திறந்தபோது உள்ளே புளித்த வாடை. அதுவும் பாலியூரித்தேன் சிதைவதன் அடையாளம்தான். மேல்மூடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. துணி கிழியாது, சுமக்கும், ஆனால் மழையில் தண்ணீர் நேராக இறங்கும். மழையுறை கொடுத்தாலும் முதுகுப் பக்கம் வழியாக நனையும். எந்த ரக்சாக்காக இருந்தாலும் உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, அதற்குள் ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத் துணியையும் போட்டு முறுக்கிக் கட்டுங்கள்.

வெறும் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து கிலோ அரிசிப் பையைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டு மாட்டுங்கள். ஒட்டுமொத்தச் சுமை உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. எல்லா வாரையும் தளர்த்தி, முதலில் இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்க வேண்டும். வயிற்றின் மேல் இல்லை, எலும்பின் மேல். அதன் பிறகு தோள்வார், கடைசியாகத் தோளுக்கு மேலிருந்து பைக்குப் போகும் சின்ன வார். இப்போது தோளுக்கும் வாருக்கும் இடையே விரல் நுழைந்தால் சுமை இடுப்பில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நுழையாமல் தோள் அழுந்தினால் முதுகுச் சட்டம் உங்கள் உடம்புக்கு நீளம் குறைவு. கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு உச்சியின் மட்டம் வரை டேப்பால் அளந்துகொண்டு போனால் கடையில் பேச்சு சுருக்கமாக முடியும். பக்கிள்கள் ஒவ்வொன்றையும் மாட்டிக் கழற்றுங்கள், இடுப்பு பக்கிள் உடைந்தால் நடையே நின்றுவிடும், ஒரு உபரி பக்கிள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊன்றுகோலில் சொல்ல அதிகம் இல்லை. வெளியே நெம்புகோல் வைத்துப் பூட்டும் வகை நம்பகமானது. முறுக்கிப் பூட்டும் வகை ஈரத்தில் வழுக்கும். நீட்டி, பூட்டி, முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வேறு கேளுங்கள். ஹெட்லாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் அடுப்பு

இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நீட்டியே சொல்ல வேண்டும். கடையில் அடுப்போடு ஒரு கேன் எரிவாயுவும் தரத் தயாராக இருந்தார்கள், பையின் அடியில் வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற யோசனையோடு. வாங்காதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. ரயிலில் எரிவாயு கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மதுரையில் 2023 ஆகஸ்ட் 26 அன்று சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரால்தான். அடுப்புத் தலையை மட்டும் எடுத்துப்போய், கேனை மணாலியில் வாங்குங்கள்.

அதற்கு அடுப்பு எந்த வகை என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். மரையில் திருகும் கேனுக்கான அடுப்பு வேண்டும். இந்தச் செட்டில் வந்தது நீளமான ஸ்ப்ரே டப்பா போன்ற கேனில் பொருத்துவது, வீட்டு மாடியில் சிக்கன் சுடப் பயன்படும் ரகம். அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன் மட்டும். பியூட்டேன் கொதித்து வாயுவாவது மைனஸ் 0.5 டிகிரியில். வெளியே 4 டிகிரி என்றால், எரியும்போது கேன் தானே குளிர்ந்து அந்த எண்ணுக்கு வந்துவிடும். சுடர் சிறுத்து அணைந்துபோகும், கேனைக் குலுக்கினால் உள்ளே திரவம் நிறைய இருக்கும். ஐசோபியூட்டேனுக்குக் கொதிநிலை மைனஸ் 11.7, புரோபேனுக்கு மைனஸ் 42. இந்த இரண்டும் கலந்த திருகுக் கேன்தான் அங்கே எரியும். இருவர், மூன்று இரவு, கஞ்சி, உப்புமா, டீ என்றால் 230 கிராம் கேன் ஒன்று போதும். காற்றை மறைக்காமல் எரித்தால் அது போதாது. ஆனால் கேனையும் சேர்த்து அலுமினியத் தகட்டால் சுற்றி மூடிவிடாதீர்கள்; கேன் சூடேறினால் வெடிக்கும். பர்னருக்குக் காற்று வரும் பக்கம் மட்டும் கல் அடுக்குங்கள். டென்ட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் பற்றவைக்கக் கூடாது, நெருப்பைவிடக் கார்பன் மோனாக்சைடு ஆபத்து.

பகர்தாச் இருக்கும் 3,300 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். பச்சரிசியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க நினைத்தால் கேஸ் தீரும், அரிசி வேகாது. துவரம்பருப்பை நினைக்கவே வேண்டாம். அவல், வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, வீட்டில் வறுத்து அரைத்த உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். இவை கொதிநீர் ஊற்றி மூடி வைத்தாலே தயாராகிவிடும். எண்ணெயைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, மூடியை டேப்பால் சுற்றுங்கள். உயரம் ஏறும்போது பாட்டிலுக்குள் காற்று விரிந்து கசியும். தேங்காய் எண்ணெய் எடுத்துப்போனால் காலையில் கல்லாக உறைந்திருக்கும்.

ஷூ

வாடகை ஷூ வேண்டவே வேண்டாம். அடுத்தவர் கால் வடிவத்துக்கு அமுங்கிய உள்ளங்கால் உங்களுக்குக் கொப்புளம் தரும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் இங்கேயும் அதே நீராற்பகுப்பு. பல ட்ரெக்கிங் ஷூக்களில் மேல்தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவே இருப்பது பாலியூரித்தேன் நுரை. மூன்று நான்கு வருடம் பெட்டியில் இருந்தாலே, ஒருநாள்கூடப் போடாமல் இருந்தாலும், உள்ளேயே தூளாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. இரண்டாம் நாள் நடையில் அடிப்பகுதி மொத்தமாகக் கழன்று வரும். உங்கள் சொந்த ஷூ பழசாக இருந்தாலும் இதே சோதனைதான்: குதிகால் பக்கவாட்டு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் எடுத்ததும் குழி மேலெழ வேண்டும். குழி அப்படியே நின்றாலோ, வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வழியில் கழன்றால் உடனடிப் பசை உதவாது, ஒட்டுவதற்கு உறுதியான பரப்பே இருக்காது. ஷூவைச் சுற்றி அகல டேப் போட்டு, மேலே நைலான் கயிற்றால் விரல் பக்கமும் நடுப்பாதத்திலும் கட்டி மெதுவாக இறங்க வேண்டியதுதான். அந்த டேப்பை ஊன்றுகோலின் கைப்பிடிக்குக் கீழே ஐந்தாறு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டால் தனியாகச் சுமக்க வேண்டாம்.

புது ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு அளவு பாருங்கள். இறக்கத்தில் விரல் நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது. கடற்கரை நடை இதற்குப் பயிற்சி ஆகாது, இறக்கத்துக்குப் படி வேண்டும். பரங்கிமலைப் படிக்கட்டில் பத்து கிலோ மூட்டையோடு வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினால் ஷூவும் பழகும், முழங்காலும் பழகும். உயரத்துக்கு மட்டும் சென்னையில் பழக வழியில்லை. மேலே சொன்ன கணக்கில் தூந்தியில் ஒரு இரவு வைத்திருப்பது அதற்காகத்தான். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருக்க வேண்டும். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மறுநாள் வரை பார்க்காமல் இறங்குங்கள்.

ஏரிக்குப் போகும் நாளில் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும். தாண்டும்போது இடுப்பு பெல்ட்டைக் கழற்றி விடுங்கள், விழுந்தால் மூட்டையை உதற முடியும்.

கடையின் நடத்தை

சாமானைப் பற்றி இவ்வளவு குறை சொன்னாலும் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. சோதிக்க விட்டார்கள், கேட்டதை மாற்றினார்கள், அவசரப்படுத்தவில்லை. டெபாசிட் ரசீதில் மட்டும் 'செட் 1' என்று எழுதித் தந்தார்கள். அப்படி வாங்காதீர்கள். ஒவ்வொரு பொருளும், முளையின் எண்ணிக்கை வரை, தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முன்பே இருக்கும் கறை, கீறல், தைத்த இடம் எல்லாவற்றையும் கடை வாசலிலேயே போட்டோ எடுத்து, அவர்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். ஏழு முளை வாங்கிப் பத்துக்குப் பிடித்தம் ஆவதை அது தடுக்கும்.

மொத்தத்தில் இந்தக் கடையில் எடுக்கத் தகுந்தவை டென்ட், இரண்டில் ஒரு ரக்சாக். ஸ்லீப்பிங் பேக்கை மணாலியில் உப்பல் அளந்து எடுங்கள். மழைக்கோட்டு, ஹெட்லாம்ப், ஷூ, மேட் சொந்தமாக இருக்கட்டும். டெகாத்லான் போன்ற கடைகளில் தொடக்க நிலை விலையிலேயே கிடைக்கும். அடுப்பு திருகு வகையாக இருந்தால் மட்டும்.

திரும்பி வந்ததும் டென்ட்டை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். மணாலியில் ஈரத்தோடு சுருட்டியது இரண்டு நாள் ரயில் வெப்பத்தில் உள்ளே புழுங்கியிருக்கும். வீட்டு மொட்டை மாடியில் நிழல் விழும் நேரமாகப் பார்த்து, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ, உள்ளும் புறமுமாக விரித்துக் காயவிடுங்கள். உச்சிவெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் புற ஊதாக் கதிர் துணியை நலியவைக்கும். சோப்புத் தூள் வேண்டாம், ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தால் போதும். மூலைகளிலும் தையல் மடிப்பிலும் கை வைத்துப் பார்த்து, துளி ஈரமும் இல்லை என்றால் தளர்வாகச் சுருட்டி, கம்புகளைத் தனியாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்து அதை வாங்கப் போகிறவர் மொட்டை மாடியில் ஊற்றிப் பார்க்கும் குவளைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க வேண்டுமே.